மூடி மாறியது

என் அக்காவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். நல்லதைச் சொல்லப் போனாலும் முதலில் வாயில் வருவது குறைதான். சரி, அதையே முதலில் சொல்லித் தொலைக்கிறேன். முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவள், ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட முழுசாக வீட்டில் இருந்ததில்லை. கேட்டால், "அதுங்களுக்கு ஞாயிறு திங்கள் எல்லாம் தெரியாதே" என்பாள். அதுங்கள் என்றால் செல்கள். எப்போதோ யாரோ ஒருத்தியின் மார்பில் வந்த கட்டியிலிருந்து எடுத்தவை. அந்தப் புண்ணியவதி போய்ச் சேர்ந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. அவளுடைய செல்கள் மட்டும் ஒரு ஆராய்ச்சி நிலையத்தின் இரண்டாம் மாடியில், என் அக்காவின் கையால் சாப்பிட்டு, இன்னும் பெருகிக்கொண்டிருந்தன.

அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆகவில்லை என்பதைவிட, அதற்கு அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை என்று சொல்வதுதான் சரி. பெண் பார்க்க வருகிறோம் என்று ஒரு குடும்பம் சொல்லியிருந்த ஞாயிறன்று, செல்களுக்கு மீடியம் மாற்றிவிட்டு ஒரு மணி நேரத்தில் வருகிறேன் என்று போனவள் சாயங்காலம்தான் வந்தாள். மீடியம் என்பது அவர்கள் பாஷையில் செல்களுக்கு ஊற்றுகிற சாப்பாட்டு நீர். வந்தவர்கள் இரண்டு தடவை காபி குடித்துவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார்கள். அக்கா வருத்தப்பட்ட மாதிரியே தெரியவில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் வேலை பார்த்த இடத்தில் அவளைக் கோட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும். கோடு போடுவதுதான் அவள் வேலை. உள்ளங்கை அகலம்கூட இல்லாத பிளாஸ்டிக் தட்டு, அதற்கு ஒரு மூடி. தட்டின் அடியில் செல்கள் ஒட்டிக்கொண்டு, தரை முழுக்கப் பாய் விரித்த மாதிரி இடைவெளி இல்லாமல் பரவியிருக்கும். ஊசிபோல் மெல்லிய ஒரு பிளாஸ்டிக் முனையை வைத்து, மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. இழுத்த இடத்தில் செல்கள் பெயர்ந்து போய் நடுவில் வெறும் பாதை கிடைக்கும். இரண்டு கரையிலும் இருக்கிற செல்கள் அந்தப் பாதைக்குள் நகர்ந்து வந்து அதை மூடப் பார்க்கும். எவ்வளவு சீக்கிரம் மூடுகின்றன என்று காலை, மாலை, மறுநாள் காலை என்று படம் பிடித்து அளக்க வேண்டும். நல்லபிள்ளையாக உட்கார்ந்த இடத்தில் இருக்கிற செல் எது, ஊர் சுற்றக் கிளம்புகிற செல் எது என்று அதில் தெரியும். அளவுகோல் இல்லாமல், கை நடுங்காமல், அவளைப் போல நேர்க்கோடு இழுக்க அந்தக் கட்டடத்தில் வேறு ஆள் இல்லை.

நான் துணிக்கடையில் ஆல்ட்ரேஷன் தைக்கிறவள். பேன்ட் நீளம் குறைப்பது, இடுப்பு பிடிப்பது, அவ்வளவுதான். எனக்கும் நாள் முழுக்கக் கோடுதான், சாக்பீஸ் கோடு. ஆனால் ஸ்கேல் வைத்துப் போட்டாலே எனக்குக் கோணும். ஒரே வயிற்றில் பிறந்து இவ்வளவு வித்தியாசமா என்று நானே கேலி செய்துகொள்வேன்.

என் வீட்டுக்காரர் போன பிறகு நான் அக்காவோடு வந்து சேர்ந்தேன். மூன்றாம் மாடி, இரண்டு அறை, ஓடாத லிப்ட், எவ்வளவு இறுக்கினாலும் சொட்டுகிற சமையலறைக் குழாய். இரண்டு பேரும் வேலை முடிந்து வந்து, ஆளுக்கொரு நாற்காலியில் பேச்சில்லாமல் அரை மணி நேரம் கிடப்போம். அவள் கையில் ஸ்பிரிட் வாடை, என் கையில் இயந்திர எண்ணெய் வாடை. யார் எழுந்து டீ போடுவது என்பதுதான் அந்த வீட்டில் தினமும் நடந்த ஒரே சண்டை.

அப்புறம் எனக்கே கட்டி வந்தது. இடது மார்பில். சிரிப்பு வந்தது எனக்கு, சத்தியமாக. முப்பது வருடமாக அக்கா எந்தச் செல்லுக்குச் சோறு ஊட்டினாளோ, அதே ஜாதிக் கட்டி. டாக்டர் பரிசோதனைச் சீட்டைக் காட்டியதும் அக்கா அதை வாங்கி இரண்டு தடவை படித்தாள். வெளியே வந்து ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து, செருப்பு வாரை அவிழ்த்து, மறுபடி கட்டினாள். 

அறுத்து எடுத்தார்கள். மருந்து ஏற்றினார்கள். முடி போய்த் திரும்பி வந்தது. ஒன்றரை வருடம் கழித்து அக்குளில் மறுபடி ஒரு முடிச்சு. அதையும் எடுத்தார்கள். ஆனால் இந்தத் தடவை டாக்டர் பேச்சில் பழைய தெம்பு இல்லை. எங்கேயாவது போய் உட்கார்ந்துவிடக் கூடாது, அதுதான் முக்கியம் என்றார். கட்டி இருந்த இடத்தில் இருந்தால் சமாளிக்கலாம், அது கிளம்பிப் போய் நுரையீரலிலோ ஈரலிலோ எலும்பிலோ குடியேறுவதுதான் ஆளைக் கொல்லும் என்பது எனக்கு அதற்குள் மனப்பாடம்.

அந்த நேரத்தில்தான் அக்கா ஒரு நாள் படியேறி மூச்சு வாங்க வந்து, கைப்பையைக்கூட வைக்காமல் சொன்னாள், எங்க லேப்ல பார்த்த மருந்தை உங்க ஆஸ்பத்திரியிலயே கொடுத்துப் பார்க்கப் போறாங்களாம் என்று. வேறு ஏதோ நோய்க்கு ஏற்கெனவே மனிதர்கள் சாப்பிட்டு வந்த மருந்து. பதினெட்டுப் பேருக்கு. என் பெயரும் பட்டியலில் ஏறிவிட்டது, மூன்றாவதாக. அக்காவின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பை நான் பார்த்ததே இல்லை. "நம்ம கையால பார்த்த மருந்துடி" என்றாள்.

எனக்குப் புரிகிற மாதிரி அன்றைக்கு விளக்கினாள். ஒரு செல் இரண்டாகப் பிரிவதற்குக் கணக்கு வழக்கு உண்டாம். இப்போது வளரு, இப்போது நகல் எடு, இப்போது பிரி என்று முறை வைத்துச் சொல்வதற்கென்றே செல்லுக்குள் சில புரதங்கள். அதில் ஒன்று பிரேக். அது இருந்தால் செல் பிரியாது. புற்றுநோய்ச் செல்லில் அந்த பிரேக் தேய்ந்துபோய்க் கிடக்கும். இந்த மருந்து அதை மறுபடி ஏற்றிவிடும். பெருகுவது நின்றுவிடும். பெருகாத செல் நகரவும் நகராது என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள், அக்காவின் கோடுகளும் அதைத்தான் காட்டின. மருந்து போட்ட தட்டில் கோடு கடைசிவரை திறந்தே கிடந்தது. மருந்து போடாத தட்டில் மூடிவிட்டது. படம், அளவு, எல்லாம் பேராசிரியர் கையெழுத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தன. நான் அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

இனிமேல் சொல்லப் போவது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. தெரிந்த வரிசையில் சொன்னால் உங்களுக்குக் குழம்பும், நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

அந்த வருடம் அக்கா என்னால் நொந்து நூலாகிப் போயிருந்தாள். காலையில் என்னை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு லேபுக்கு ஓடுவாள். மதியம் என்னை வீட்டில் சேர்க்க வருவாள். மறுபடி லேப். திரும்பும்போது பஸ்ஸில் தூங்கி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், எதிர்ப் பஸ் பிடித்து வருவாள். வயது ஐம்பத்தேழு. மணிக்கட்டு வலி, கண்ணுக்குக் கிட்டத்து எழுத்து மங்கல். பக்கத்து லேபில் அவளைப் போலவே வேலை பார்த்த ஒருவரை, கை நடுங்குகிறது என்று சொல்லி அந்த வருடம்தான் அனுப்பியிருந்தார்கள். அக்காவுக்கு உள்ளூரப் பயம் பிடித்துவிட்டது.

அவர்கள் வேலையில் முதல் பாடம் ஒன்று உண்டாம். தட்டின் பெயரை மூடியில் எழுதாதே, தட்டிலேயே எழுது. மீடியம் மாற்றும்போது மூடி கழன்று வரும், மாறிப் போகும். தட்டின் அடியில் நடுவில் எழுதினால் மை படத்தை மறைக்கும். அதனால் ஓரத்தில், எறும்பு எழுத்தில் எழுத வேண்டும். புதிதாகச் சேருகிற எல்லோருக்கும் அக்காதான் இதைச் சொல்லிக் கொடுப்பாள், தப்பு செய்தால் திட்டுவாள். அதே அக்கா, கண் தெரியாமலும் மணிக்கட்டு மடங்காமலும், அந்த வருடம் மூடியில் பெரிய எழுத்தில் எழுத ஆரம்பித்தாள். மேல் வரிசை மூன்று தட்டு மருந்து, கீழ் வரிசை மூன்று தட்டு வெறும் மீடியம். ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டியதை, நேரம் மிச்சம் பிடிக்க ஆறையும் ஒரே தடவையில் திறந்து மூடிகளை ஓரமாக வைத்தாள்.

மறுநாள் பார்த்தால் எல்லாம் தலைகீழ். மருந்து என்று எழுதியிருந்த தட்டுகளில் கோடு அநேகமாக மூடியிருந்தது. வெறும் தட்டுகளில் பப்பரப்பே என்று திறந்து கிடந்தது.

நீங்களாக இருந்தால் என்ன நினைப்பீர்கள்? அக்காவும் அதையேதான் நினைத்தாள். மூடிகளை வரிசை மாற்றி வைத்துவிட்டேன், தூக்கக் கலக்கம் என்று. யாரிடமாவது சொன்னால், கோட்டக்காவுக்கு மூடிகூடச் சரியாக வைக்கத் தெரியவில்லை, வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்பார்கள். மூடிகளை இடம் மாற்றி வைத்தாள். நோட்டில் எழுதியிருந்ததை அடித்து, அளவுகளையும் இடம் மாற்றி எழுதினாள். அதிலும் அவர்கள் முறை ஒன்று இருக்கிறது. அழிக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. பழைய எழுத்து படிக்கிற மாதிரியே ஒரே ஒரு கோடு அடித்து, பக்கத்தில் காரணம் எழுதி, கையெழுத்து வைக்க வேண்டும். அக்கா முறை தவறவில்லை. ஒற்றைக் கோடு அடித்து, பக்கத்தில் "மூடி மாறியது" என்று எழுதி, கையெழுத்தும் வைத்தாள். பக்கத்தின் அடியில் பேராசிரியரும் வழக்கம்போல் கையெழுத்துப் போட்டார், படிக்காமல்.

அடுத்த தடவையும் அப்படியே. அதற்கடுத்த தடவையும். மூன்று தடவையும் ஒருத்தி மூடியை மாற்றி வைப்பாளா, கொஞ்சமாவது யோசித்திருக்க வேண்டாமா என்று நான் பின்னால் கத்தினேன். அவள் சொன்ன பதில் எனக்கு இன்னும் வலிக்கிறது. "எனக்குப் புத்தி மழுங்கிட்டிருக்குன்னுதான் நினைச்சேன்" என்றாள். தன் கையை நம்பாமல், தன் கண்ணை நம்பாமல், தான் பழசாகிவிட்டோம் என்று அந்த வருடம் முழுக்க ஒருத்தி நம்பிக்கொண்டு என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். நான் டீ யார் போடுவது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

உண்மை வெளிப்பட்டது நாலாவது தடவை. ஆஸ்பத்திரிக்குக் கடிதம் போய், பட்டியல் போட்டு, என் பெயரும் ஏறிய பிறகு, இன்னும் ஒரு தொகுதிப் படம் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அதுவும் தலைகீழாகத்தான் வந்தது. அக்கா பழக்கத்தில் மூடிகளை மாற்றி வைத்துவிட்டு, மருந்து என்று இப்போது எழுதியிருந்த தட்டைப் படம் எடுக்க மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். அன்றைக்கு ஏனோ கோட்டிலிருந்து தட்டைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்தினாள். அங்கே பளபளவென்று மணி மணியாக உருண்டைகள், ஜோடி ஜோடியாக. பிரிகிற செல் அப்படித்தான் இருக்குமாம். தட்டையாகப் படுத்திருப்பது பிரியும் நேரத்தில் உருண்டு மினுங்கும். மருந்து போட்ட தட்டில் ஒரே ஒரு உருண்டைகூட இருக்கக் கூடாது. எடுத்து மற்றதை வைத்துப் பார்த்தாள். வெறும் தட்டு என்று தான் மாற்றியிருந்ததில் உருண்டையே இல்லை. செல்களும் குறைவு. ஆனால் இருந்த கொஞ்சமும் நீண்டு, மெலிந்து, கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருந்தன.

மூடி எந்தத் தடவையும் மாறவே இல்லை. மாற்றியது அவள்தான்.

அன்றைக்கே அவள் புதிதாக ஆறு தட்டு எடுத்தாள். பூதக்கண்ணாடியை மேசையில் நிறுத்தி, ஓரத்தில் எறும்பு எழுத்தில் எழுதினாள். ஒவ்வொரு மூடியாகத் திறந்தாள். கோடு போட்டாள். மறுநாள் காலை அதே கதை. மருந்து போட்டதில் பெருக்கம் இல்லை, நடமாட்டம் உண்டு. ஆறு தட்டையும் ட்ரேயில் அடுக்கி எடுத்துக்கொண்டு, நோட்டையும் இடுக்கிக்கொண்டு, பேராசிரியர் அறைக் கதவைத் தட்டினாள்.

பேராசிரியர் என்னைவிட இரண்டு வயது சின்னவர். அக்கா சொன்னதை முழுக்கக் கேட்டாராம். நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஒற்றைக் கோடு, மூடி மாறியது, அக்கா கையெழுத்து, அதற்குக் கீழே தன் கையெழுத்து. மூன்றாவது தடவைக்கான பக்கம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு போனை எடுத்து ஆஸ்பத்திரிக்குப் பேசினார், பதினெட்டுப் பேருக்கும் நிறுத்தி வையுங்கள் என்று.

இதையெல்லாம் செய்துவிட்டு, அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, எனக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு, அக்கா சொன்னாள். நான் கேட்ட முதல் கேள்வி, போவதற்கு முன்னால் என்னிடம் ஏன் சொல்லவில்லை என்பதுதான்.

"கேட்டிருந்தா நீ வேண்டாம்னு சொல்லியிருப்ப. நானும் உன் பேச்சைக் கேட்டிருப்பேன்."

உண்மைதான். வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். காலைப் பிடித்துச் சொல்லியிருப்பேன். எனக்கு மருந்து கிடைக்க இன்னும் பதினோரு நாள்தான் இருந்தது. அதற்கு அப்புறம் போய் உன் நேர்மையைக் கொட்டிக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். தட்டில் நடப்பதெல்லாம் ஆளுக்குள் நடக்குமா என்று கேட்டேன். நடக்காமலும் போகலாம் என்று அவளே ஒப்புக்கொண்டாள். அப்புறம் என்ன எழவுக்குப் போய்ச் சொன்னாய் என்று டீயை அப்படியே சிங்க்கில் ஊற்றினேன். அன்றிலிருந்து பத்தொன்பது நாள் அவளோடு பேசவில்லை. இரண்டு அறை வீட்டில் பத்தொன்பது நாள் பேசாமல் இருப்பது லேசான காரியம் இல்லை. எனக்கு வேண்டிய மாத்திரையை அவள் மேசையில் வைப்பாள், அவள் நகர்ந்த பிறகு நான் எடுப்பேன். வெந்நீர் போட்டிருக்கிறேன் என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். நானும் சுவருக்குத்தான் தலையாட்டுவேன்.

இருபதாம் நாள் காலை, அவள் கிளம்பிப் போன பின், நானும் புடவையை மாற்றிக்கொண்டு அந்த ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனேன். பேராசிரியரோடு ஒரு கை பார்த்துவிடுவது என்ற முடிவோடு. முப்பத்தோரு வருடத்தில் நான் அந்தக் கட்டடத்துக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. நடை முழுக்க அக்கா கை வாடை.

யார் என்று சொன்னதும் பேராசிரியர் எழுந்து நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை. எனக்கு எல்லாம் தெரியும், தெரிந்தே கேட்கிறேன், எந்தத் தாளில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன், எனக்கு மட்டும் அந்த மருந்தைக் கொடுங்கள் என்றேன். அவர் வாதாடவில்லை. நல்லது கெட்டது சொல்லவில்லை. என்னைவிடச் சோர்ந்து போயிருந்தார். வாங்க என்று அடுத்த அறைக்குக் கூட்டிப்போய், மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்து, செல்கள் அப்படியே நிற்கும்படி பதப்படுத்தி வைத்திருந்த ஒரு தட்டை வைத்தார்.

குனிந்து பார்த்தேன். நடுவில் ஓடை மாதிரி வெறும் பாதை. இரண்டு கரையிலும் நெருக்கியடித்துக்கொண்டு கூட்டம். இங்கேயும் அங்கேயும் மினுங்குகிற உருண்டைகள். என் உடம்பில் இருந்தது இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவர் தட்டை மாற்றினார். இதில் கூட்டமே இல்லை. உருண்டை ஒன்றுகூட இல்லை. ஆனால் பாதையும் இல்லை. காலை நீட்டி, உடம்பை இழுத்து, ஒன்றையொன்று உரசிக்கொண்டு செல்கள் அங்கே நின்றன. கிழிசலுக்கு இழை ஓட்டுகிற மாதிரி இரண்டு பக்கமும் வந்து சேர்ந்திருந்தன. இந்த வேலையை வேறு இடத்தில் பார்த்திருந்தால் நானே மெச்சியிருப்பேன்.

"இதுல எதுங்க மருந்து போட்டது?" என்று கேட்டேன். எனக்கே தெரியும். இருந்தாலும் கேட்டேன்.

அவர் தட்டை எடுத்து உயர்த்திப் பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தார். தட்டின் ஓரத்தில் வலது பக்கம் சாய்ந்த எறும்பு எழுத்து. பால்காரருக்குச் சீட்டு எழுதுகிற அதே கையெழுத்து, அக்கா அன்றைக்கு அவர் அறைக்குக் கொண்டுவந்த ஆறில் ஒன்று. மருந்து என்று இருந்தது.

அந்த பிரேக் புரதம் செல்லின் உட்கருவில் இருக்கிறவரை பிரேக்தான் என்று பேராசிரியர் அப்புறம் சொன்னார். இந்த ஜாதிச் செல்லில் அது மருந்துக்குப் பிறகு உட்கருவைவிட்டு வெளியே வந்துவிடுகிறது. வெளியே வந்தால் அதற்கு வேறு வேலை. செல்லின் பிடிமானத்தைத் தளர்த்தி நகர வைக்கிறது. பெருகாமல் நகர்ந்து போய், எங்கேயாவது உட்கார்ந்து, மருந்து நின்றதும் மறுபடி பெருக ஆரம்பித்தால்? அப்படி நடக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது, நடக்காது என்றும் இப்போது சொல்ல முடியாது என்றார். இரண்டு வேறு ஆட்களை வைத்து, அக்காவைப் பக்கத்தில் விடாமல், எட்டுத் தடவை பார்த்துவிட்டேன், எட்டும் இதேதான் என்றார். படிக்காமல் கையெழுத்துப் போட்டது என் தப்பு என்பதையும் சொன்னார். அதைச் சொன்னதால் எனக்குச் சண்டை போடவும் வழியில்லாமல் போய்விட்டது.

அக்கா எங்கே என்று கேட்டேன். கீழ்த்தளத்தில் என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

கண்ணாடிச் சாமான் கழுவும் அறை. நீராவி மண்டிய இடம். முழங்கை வரை ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு அக்கா தொட்டி முன்னால் நின்று பாட்டில் கழுவிக்கொண்டிருந்தாள். ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கிறது, அதுவரை இங்கேதான் என்று உத்தரவாகி இரண்டு வாரம் ஆகியிருந்தது. என்னிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள், நான்தான் சுவரோடு பேசிக்கொண்டிருந்தேனே. கோட்டக்கா என்று பெயர் வாங்கியவள் பாட்டிலுக்குள் பிரஷ்ஷை விட்டு ஆட்டிக்கொண்டிருந்ததைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. யார்மேல் எரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

"மணிக்கட்டு வலிக்கலையா?" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். பத்தொன்பது நாளைக்குப் பிறகு வந்த வார்த்தை அது. "வெந்நீர்ல இதமா இருக்குடி" என்றாள். இன்னொரு ஜோடிக் கையுறை ஆணியில் மாட்டியிருந்தது, எடுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றேன். வெளியாள் வரக் கூடாத இடம். யாரும் கேட்கவில்லை. மதியம் வரை இரண்டு பேரும் பாட்டில் கழுவினோம்.

கதை இதோடு முடிந்திருந்தால் எனக்கும் எழுதச் சுகமாக இருந்திருக்கும். முடியவில்லை.

அக்கா ஓய்வு பெற்ற மூன்றாம் வாரம் எனக்கு ஸ்கேன் எடுத்தார்கள். ஈரலில் இரண்டு இடம். அந்த மருந்தை நான் ஒரு சொட்டுகூடச் சாப்பிடவில்லை, இருந்தும் அது கிளம்பிப் போய்விட்டது. எப்போது போயிருக்கும் என்று டாக்டரைக் கேட்டேன். எப்பவோ போயிருக்கும், இப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிற அளவு ஆகியிருக்கிறது என்றார். வேறு மருந்து இருக்கிறது, பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்ற வார்த்தையை அவர் எந்தக் குரலில் சொல்வார் என்பது எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்தோம். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் அப்பா போனபோது அழாதவள், கீழ்த்தளத்துக்கு அனுப்பியபோது அழாதவள், முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"நான் வாயை மூடிட்டு இருந்திருந்தா, ஒருவேளை அது உனக்கு வேலை செஞ்சிருக்குமோ?"

ஒன்பது மாதமாக அவள் மனசில் அரித்துக்கொண்டிருந்தது இதுதான். முப்பத்தோரு வருடம் செல்லைப் பார்த்தவளுக்கே தெரியவில்லை, துணி வெட்டுகிற எனக்கு என்ன தெரியும்? செய்திருக்கலாம், செய்யாமலும் போயிருக்கலாம். இன்னும் சீக்கிரமாகவும் போயிருக்கலாம். உன்னால் ஒன்றும் இல்லை என்று ஆறுதல் சொல்ல எனக்கு வராது, எனக்கு அந்தக் குணமே கிடையாது. ஆனால் அன்றைக்குக் கழுவும் அறையில் பாட்டில் அலசிக்கொண்டிருந்தபோது எனக்குத் தோன்றிய ஒன்று இருந்தது. அவளிடம் சொல்லாமலே வைத்திருந்தேன்.

"லிஸ்ட்ல பதினெட்டுப் பேர், அக்கா. எனக்கு நீ இருந்த. மிச்சம் பதினேழு பேருக்கு யார் இருந்தா?"

அவள் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.  பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, தலையை நாற்காலியில் சாய்த்தாள். கொஞ்ச நேரத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். அந்த வருடம் முழுக்க அவள் அப்படித் தூங்கி நான் பார்க்கவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீட்டில்தான் இருக்கிறாள். செல்களுக்குப் பதில் எனக்கு வேளை தவறாமல் ஊட்டுகிறாள். என் மருந்து டப்பா, தண்ணீர் டம்ளர், கஞ்சிக் கிண்ணம், எதையும் கவிழ்த்துப் பார்த்தால் ஓரத்தில் எறும்பு எழுத்தில் தங்கச்சிக்கு என்று எழுதியிருக்கும். இந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர், யாருடையது யாரோடு மாறப் போகிறது என்று நேற்றுகூடத் திட்டினேன். அவள் பாட்டுக்கு என் கிண்ணத்தை நிமிர்த்தி வைத்துவிட்டு, மூடியைத் துடைத்து மூடினாள். நான் எழுந்து போய் அவளுக்கு டீ போட்டேன்.